திசையும் ஒழுங்கின்மையும்: ஒருவழி வலையமைப்புகளில் அலை முடங்குவது எப்படி?

ஒழுங்கற்ற ஊடகத்துக்குள் விடப்பட்ட அலை இரண்டில் ஒன்றைச் செய்யும். ஊடகம் முழுவதும் பரவும். அல்லது புறப்பட்ட இடத்தைச் சுற்றியே அடங்கிவிடும். அடங்குவதற்குச் சுவரும் வேண்டாம், ஆற்றலை உறிஞ்சும் பொருளும் வேண்டாம். தாறுமாறாக அமைந்த சிதறல் மையங்களே அலையைக் கட்டிப்போடப் போதும். இந்நிகழ்வுக்கு இடமுடக்கம் என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிலிப் ஆண்டர்சன் 1958இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பாஸ்பரஸ் கலந்த சிலிக்கானில் ஜார்ஜ் ஃபெஹர் குழுவினர் செய்த அளவீடுகள் அவருக்குத் தூண்டுகோலாயின. எலக்ட்ரானின் தற்சுழற்சி நிலை அண்டை அணுக்களுக்குப் பரவிக் கரைந்துவிடும் என எதிர்பார்க்கப்பட்டது. அது நெடுநேரம் இருந்த இடத்திலேயே இருந்தது. 1977ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஆண்டர்சன், நெவில் மாட், ஜான் வான் விளெக் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்டனர்.

ஆண்டர்சனின் கணக்கில் ஒரு முன்நிபந்தனை உண்டு: ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவுவதும் அங்கிருந்து திரும்பித் தாவுவதும் சம வலிமை உள்ளவை. இயற்கையிலும் தொழில்நுட்பத்திலும் இந்த நிபந்தனை பொருந்தாத அமைப்புகள் ஏராளம். நரம்பணுக்களின் இணைப்பு பெரும்பாலும் ஒருவழிப்பட்டது. இணையப் பக்கம் ஒன்று இன்னொன்றைச் சுட்டினால், சுட்டப்பட்ட பக்கம் திரும்பச் சுட்ட வேண்டும் என்பதில்லை. நீரோட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர் எதிர்நீச்சலைவிட ஓட்டத்தோடு போவதே அதிகம். இத்தகைய இடங்களில் முடக்கத்தின் விதிகள் மாறுகின்றன.

அலை ஏன் நிற்கிறது

ஒழுங்கற்ற ஊடகத்தில் அலை பல மையங்களில் சிதறி, சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதைகள் எண்ணற்றவை. அத்தகைய ஒவ்வொரு சுற்றையும் அலை வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் கடக்கிறது. இரு பயணங்களின் நீளமும் ஒன்றே. ஆகவே இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சாதாரண விரவலில் இருப்பதைப்போல் இருமடங்கு வாய்ப்போடு அலை திரும்பி வருகிறது. ஒழுங்கின்மை போதிய அளவு மிகும்போது, திரும்பி வருவதே அலையின் முழு வேலையாகிவிடுகிறது. அலையின் வீச்சு மையத்திலிருந்து விலக விலக அடுக்குக்குறி முறையில் தேய்கிறது. அது 2.718இல் ஒரு பங்காகக் குறையும் தொலைவே முடக்க நீளம்.

பரிமாணம் இதில் தீர்மானமான பங்கு வகிக்கிறது. ஒரு பரிமாணச் சங்கிலியில் எவ்வளவு சிறிய ஒழுங்கின்மையும் எல்லா அலைகளையும் முடக்கிவிடும் என்று மாட்டும் ட்வோஸும் 1961இல் வாதிட்டனர். 1979இல் எலிஹு ஆப்ரகாம்ஸ், ஆண்டர்சன், டொனால்ட் லிச்சியார்டெல்லோ, இந்திய இயற்பியலாளர் டி.வி. ராமகிருஷ்ணன் ஆகிய நால்வர் அளவீட்டுக் கோட்பாட்டை முன்வைத்தனர். அதன்படி, காந்தப்புலம் முதலிய கூடுதல் விளைவுகள் இல்லாதபோது இரு பரிமாணத்திலும் அலைகள் முடங்கும். மூன்று பரிமாணத்தில் மட்டுமே பரவும் நிலையிலிருந்து முடங்கும் நிலைக்கு உண்மையான நிலைமாற்றம் உண்டு. எளிய கனசதுர அணிக்கோவையில், ஒவ்வோர் இடத்தின் ஆற்றலும் சீரான நிகழ்தகவோடு சிதறியிருந்தால், அந்தச் சிதறலின் அகலம் தாவல் வலிமையைப்போல் சுமார் 16.5 மடங்கை எட்டும்போது அலைகளுக்கு இயலும் ஆற்றல்களின் பட்டையில் நடுவே உள்ள அலைகளும் முடங்குகின்றன.

ஒரு பரிமாணத்துக்கும் இதேபோல் எண்கள் உண்டு. சிதறலின் அகலம் தாவல் வலிமைக்குச் சமமானால், பட்டையின் நடுவில் முடக்க நீளம் ஏறத்தாழ 105 இடங்கள். அகலத்தை இருமடங்காக்கினால் நீளம் நான்கில் ஒரு பங்காகி ஏறத்தாழ 26 இடங்களுக்குச் சுருங்கும். பட்டையின் ஓரங்களில் அது இன்னும் குறைவு.

2008இல் பிரான்சின் பலேசோவிலும் இத்தாலியின் ஃபுளோரன்ஸிலும் இயங்கிய இரு குழுக்கள் மீக்குளிர் அணுக்களின் பொருள் அலைகளை ஒரு பரிமாணத்தில் முடக்கிக் காட்டின. அதே ஆண்டில், ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட அலுமினிய மணிகளின் திரளில் மீயொலி மூன்று பரிமாணத்தில் முடங்குவது அளக்கப்பட்டது.

ஹெர்மிட்டியன் என்ற நிபந்தனை

தனித்து விடப்பட்ட குவாண்டம் அமைப்பின் ஆற்றலைக் குறிக்கும் அணி ஹெர்மிட்டியன் வகையைச் சேர்ந்தது. நிரைகளை நிரல்களாக மாற்றி, ஒவ்வோர் உறுப்புக்கும் இணைக் கலப்பெண்ணை எழுதினால் பழைய அணியே கிடைக்கும் என்பது அதன் இலக்கணம். இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. ஐகன் மதிப்புகள், அதாவது அமைப்புக்கு இயலும் ஆற்றல்கள், எல்லாம் மெய்யெண்கள். ஐகன் வெக்டர்கள், அதாவது அந்த ஆற்றல்களுக்குரிய அலை வடிவங்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. அலையின் மொத்தச் செறிவு காலத்தால் மாறாது.

இழப்போ பெருக்கமோ சேர்ந்தாலும், போக்கும் வரவும் சமமற்றுப் போனாலும் இந்த மூன்றும் ஒருசேர உறுதியை இழக்கின்றன. ஐகன் மதிப்புகள் கலப்பெண் தளத்தில் பரவலாம். அலை வளர்வதையும் தேய்வதையும் கற்பனைப் பகுதி சொல்லும். ஐகன் வெக்டர்கள் ஏறக்குறைய ஒரே திசையில் சாய்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு ஐகன் மதிப்புக்கும் வலப்பக்க வெக்டர், இடப்பக்க வெக்டர் என இரண்டு வெவ்வேறு வெக்டர்கள் அமைகின்றன.

ஹட்டானோ–நெல்சன் மாதிரி

திசைச் சாய்வும் ஒழுங்கின்மையும் மோதினால் என்ன ஆகும் என்ற கேள்வி மீக்கடத்திகளிலிருந்து எழுந்தது. இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு போன்ற மீக்கடத்திக்குள் காந்தப்புலம் மெல்லிய பாயக் கோடுகளாக நுழைகிறது. கோடுகள் நகர்ந்தால் மின்தடை தோன்றும். அவற்றை நிறுத்திவைக்க, கன அயனிகளைப் பாய்ச்சி நெடிய தூண் வடிவச் சிதைவுகள் உண்டாக்கப்படுகின்றன. பாயக் கோடு தூணில் ஒட்டிக்கொள்ளும். வெளிக் காந்தப்புலத்தைச் சற்றுச் சாய்த்தால் கோடு தூணைவிட்டு விலக முனையும். எவ்வளவு சாய்த்தால் பிடி விடும்?

ஜப்பானிய இயற்பியலாளர் நவோமிச்சி ஹட்டானோவும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் நெல்சனும் 1996இல் இதற்கு விடை கண்டனர். பாயக் கோட்டின் நீளவாக்கைக் காலமாகக் கொண்டால், கோடு ஒரு குவாண்டம் துகளின் பாதையாகிறது. தூண்கள் ஒழுங்கற்ற ஆற்றல் குழிகளாகின்றன. புலத்தின் சாய்வு, வலப்புறத் தாவலைப் பெருக்கி இடப்புறத் தாவலைக் குறைக்கும் காரணியாகிறது. சாய்வளவு 0.5 என்றால் வலத் தாவல் 1.65 மடங்காகவும் இடத் தாவல் 0.61 மடங்காகவும் மாறும்.

ஒழுங்கின்மையால் முடங்கிய அலையைச் சாய்வு ஒருதலைப்பட்சமாக நீட்டுகிறது. முடக்க நீளம் 10 இடங்கள், சாய்வளவு 0.05 என்று கொள்ளலாம். சாய்வு தள்ளும் பக்கம், அதாவது ஓட்டத்தின் பக்கம், தேய்வு நீளம் 20 இடங்களாகக் கூடும். எதிர்ப்பக்கம் ஏழு இடங்களுக்கும் குறையும். சாய்வளவு 0.1ஐ, அதாவது முடக்க நீளத்தின் தலைகீழியைத் தொட்டவுடன், ஓட்டத்தின் பக்கம் தேய்வே இல்லாமல் போகிறது. அலை விடுபடுகிறது. ஒரு பரிமாணத்தில் எல்லா அலைகளும் முடங்கியே தீரும் என்ற விதி இங்கே உடைகிறது. மேலே சொன்ன 105 இட நீளமுள்ள அலையை விடுவிக்க 0.01க்கும் சற்றுக் குறைவான சாய்வளவே போதும்.

விடுதலைக்கு வெளிப்படையான அடையாளம் உண்டு. முடங்கிய அலையின் ஐகன் மதிப்பு சாய்வுக்கு முன்பிருந்த மெய்யெண்ணாகவே தொடரும். விடுபட்ட அலையின் ஐகன் மதிப்பு மெய்யெண் அச்சைவிட்டுக் கலப்பெண் தளத்துக்குள் நகரும். சாய்வு கூடக் கூட, முதலில் பட்டையின் நடுவில் ஒரு குமிழி திறக்கிறது. இருபுறமும் மெய்யச்சில் எஞ்சும் சிறகுகளில் இன்னும் முடங்கிய அலைகள் இருக்கின்றன. ஐகன் மதிப்புகள் கலப்பெண் தளத்தில் திட்டமான வளைகோடுகளின் மேல் விழுகின்றன என்பதைக் கோல்ட்ஷெயிட், கொருஷென்கோ இருவரும் 1998இல் கணித முறையில் நிறுவினர்.

அதே ஆண்டில் நெல்சனும் நதாவ் ஷ்நெர்பும் இந்தக் கணக்கை உயிரியலுக்குக் கொண்டுசென்றனர். வளமான திட்டுகளும் வறண்ட வெளியும் கலந்த இடத்தில் நுண்ணுயிர்கள் திட்டுகளை ஒட்டி முடங்கி வாழ்கின்றன. மெல்லிய நீரோட்டம் அந்தக் கூட்டத்தைச் சற்று இழுத்து நீட்டும். ஓட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் கூட்டம் திட்டிலிருந்து அடித்துச் செல்லப்படும்.

வளையமும் திறந்த சங்கிலியும்

மேற்சொன்னவை எல்லாம் முனைகள் இணைந்த வளையத்துக்கே பொருந்தும். வளையத்தை ஓரிடத்தில் வெட்டித் திறந்த சங்கிலியாக்கினால் ஐகன் மதிப்புகள் எல்லாம் மெய்யச்சுக்குத் திரும்பிவிடும். சாய்வு இருக்கிறது, ஆனால் அதன் தடயம் ஐகன் மதிப்புகளில் இல்லை.

காரணம் சுற்றுகளில் உள்ளது. ஓர் அணியின் ஐகன் மதிப்புகளை முடிவுசெய்பவை, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மூடிய பாதைகள். திறந்த சங்கிலியில் திரும்பி வரும் எந்தப் பாதையும் வலப்புறம் எத்தனை தாவலோ இடப்புறமும் அத்தனை தாவல் செய்தாக வேண்டும். வலத்தில் பெற்ற பெருக்கமும் இடத்தில் கண்ட இழப்பும் முழுதாகக் கழிந்துவிடுகின்றன. வளையத்திலோ இடப்புறம் திரும்பாமலே ஒரு முழுச் சுற்று வந்து புறப்பட்ட இடத்தை அடையலாம். அந்தச் சுற்றில் கிடைத்த பெருக்கம் கழிவதில்லை. ஒழுங்கின்மை அதே சுற்றில் அலையைத் தேய்க்கிறது. பெருக்கம் மிஞ்சினால் அலை விடுபடும். தேய்வு மிஞ்சினால் முடங்கும். முடக்க நீளத்தின் தலைகீழியே எல்லையாக வருவதன் பொருள் இதுதான்.

திறந்த சங்கிலியில் ஐகன் மதிப்புகள் மாறாவிட்டாலும் அலைகளின் வடிவம் மாறுகிறது. ஒழுங்கின்மை இல்லாத சங்கிலியில் எல்லா அலைகளும் ஓட்டத்தின் முனையில் குவிகின்றன. 2018இல் ஷுன்யு யாவ், ஜோங் வாங் ஆகியோரின் ஆய்வில் இது ஹெர்மிட்டியன் அல்லாத தோல் விளைவு என்று பெயர் பெற்றது. இங்கே அலையைக் குவிப்பது ஒழுங்கின்மை அன்று, திசையே. ஒழுங்கின்மையால் முடங்கும் அலைகள் ஊடகமெங்கும் ஆளுக்கோர் இடத்தில் அமர்கின்றன. தோல் விளைவில் எல்லாம் ஒரே விளிம்பை நாடுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் முடக்கத்தைப் பேச இயலாது.

திசையுள்ள வலையமைப்புகள்

சங்கிலியிலிருந்து பொதுவான வலையமைப்புக்குச் சென்றால் சுற்றுகளின் ஆதிக்கம் இன்னும் தெளிவாகிறது. கிளைகள் மீண்டும் சேராத மர வடிவ வலையமைப்பில், போக்கும் வரவும் வெவ்வேறு வலிமையோடு இருந்தாலும், எந்த மூடிய பாதையும் ஒவ்வோர் இணைப்பையும் போன அத்தனை முறை திரும்பக் கடக்க வேண்டும். ஆகவே சாய்வு கழிந்துவிடும். இணைப்புகள் முற்றிலும் ஒருவழிப்பட்டு, சுற்றே இல்லாமல் இருந்தால், எல்லா ஐகன் மதிப்புகளும் சுழி. ஆய்வுக் கட்டுரைகள் தமக்கு முந்தியவற்றை மட்டுமே மேற்கோள் காட்டும் வலையமைப்பு இவ்வகையை ஒட்டியது.

சுழி என்பதால் அங்கு ஒன்றும் நடக்காது என்று பொருளல்ல. 11 கணுக்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தன் குறிகையை இருமடங்காக்கி அனுப்புவதாகக் கொள்ளலாம். முதல் கணுவில் 1 அளவு குறிகையை இட்டால், பத்தாவது படியில் கடைசிக் கணுவில் 1,024 தோன்றும். பதினோராவது படியில் எல்லாம் மறையும். 11 ஐகன் மதிப்புகளும் சுழியே. இப்போது கடைசிக் கணுவிலிருந்து முதல் கணுவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வலிமையுள்ள இணைப்பு ஒன்றைச் சேர்த்தால் சுற்று மூடுகிறது. சுற்றின் மொத்தப் பெருக்கம் 1.024. உடனே 11 ஐகன் மதிப்புகளும் சுழியிலிருந்து தாவி, ஏறத்தாழ 1 ஆரமுள்ள வட்டத்தில் சம இடைவெளியில் நிற்கின்றன. ஹெர்மிட்டியன் அணியில் இது நடக்க வழியில்லை. அங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் ஐகன் மதிப்பை அதற்கு மேல் நகர்த்தாது.

இணையத் தேடலில் இதன் நடைமுறை வடிவம் உண்டு. செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒருவழி இணைப்புகளின் அணியிலிருந்து பக்கங்களின் தகுதியைக் கணக்கிடுகிறது. வெளியே செல்லும் இணைப்பு இல்லாத ஒரு பக்கக் குழுவுக்குள் நுழைந்த எடை அங்கேயே சிக்கிக் குவியும். அதைத் தவிர்க்க, 0.85 வாய்ப்பில் இணைப்பைப் பின்தொடர்ந்தும், எஞ்சிய 0.15 வாய்ப்பில் ஏதேனும் ஒரு பக்கத்துக்குத் தாவியும் செல்லும் உலாவியாகக் கணக்கு அமைக்கப்பட்டது. அந்தத் தாவல் எல்லாப் பக்கங்களையும் சுற்றுகளால் பிணைத்துவிடுகிறது.

இணைப்புகள் தற்செயலாக அமைந்த பெரிய ஒருவழி வலையமைப்புகளை ஃபெர்னாண்டோ மெட்ஸ், இசாக் நேரி இருவரும் 2021இல் ஆராய்ந்தனர். கணு ஒன்றுக்குச் சராசரி இணைப்புகள் குறைவாக இருக்கும்போது வலப்பக்க ஐகன் வெக்டர்கள் சில கணுக்களில் முடங்குகின்றன. சராசரி ஒரு வரம்பைக் கடந்ததும் பரவுகின்றன. திசையற்ற வலையமைப்பில் இந்த வரம்பைக் கணுக்களிடையே இணைப்பு எண்ணிக்கையில் உள்ள ஏற்றத்தாழ்வே ஆள்கிறது. திசையுள்ள வலையமைப்பில், ஏற்றத்தாழ்வு மிகக் கட்டற்றதாக இல்லாதவரை, வரம்பு அதைச் சார்ந்திருப்பதில்லை.

நரம்பு வலையமைப்பின் மாதிரி

ஏரியல் அமீர், ஹட்டானோ, நெல்சன் ஆகியோர் 2016இல் அரிதான இணைப்புகள் கொண்ட நரம்பு வலையமைப்பை ஒரு வளையமாகக் கருதி ஆராய்ந்தனர். அண்டைக் கணுக்களுக்கிடையே சில இணைப்புகள் தூண்டுபவை, சில அடக்குபவை. இரண்டும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் தற்செயலாக அமைந்தவை. போக்கிலும் வரவிலும் குறி மாறுவதாலேயே அணி ஹெர்மிட்டியன் தன்மையை இழக்கிறது. ஐகன் மதிப்புகள் கலப்பெண் தளத்தில் சிக்கலான வடிவில் பரவுகின்றன. அவற்றில் ஒரு பகுதி மெய்யச்சிலும் கற்பனை அச்சிலும் படிகிறது. ஐகன் வெக்டர்கள் முடங்கியிருக்கின்றன. தளத்தின் நடுவை நெருங்க நெருங்க முடக்க நீளம் கூடிக்கொண்டே போகிறது.

இந்த வளையத்தில் திசைச் சாய்வைப் புகுத்தினால் தளத்தின் நடுவில் ஒரு துளை திறக்கிறது. முன்பு அங்கிருந்த ஐகன் மதிப்புகள் துளையின் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றன. விளிம்பில் உள்ள அலைகள் எல்லாம் பரவியவை. துளைக்கு வெளியே உள்ளவை முடங்கியவை. அவற்றின் ஐகன் மதிப்புகள் இம்மியும் நகர்வதில்லை. துளையின் எல்லை, சாய்வு இல்லாதபோது முடக்க நீளம் சமமாக இருந்த புள்ளிகளை இணைக்கும் கோட்டோடு பொருந்துகிறது. ஹட்டானோ–நெல்சன் குமிழியைத் திறந்த அதே விதிதான் இது. ஒரு நரம்பணு தூண்டுவதாகவோ அடக்குவதாகவோ மட்டுமே இருக்கும் என்ற டேலின் விதியைச் சேர்த்தபோதும் இதையொத்த முடிவுகளே கிடைத்தன.

முடக்கத்தை அளப்பது

முடக்கத்தை அளக்க எளிய கருவி ஒன்று வழக்கில் உள்ளது. ஒவ்வோர் இடத்திலும் அலைக்குள்ள பங்கைக் கண்டு, அந்தப் பங்குகளின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். அலை ஒரே இடத்தில் இருந்தால் கூட்டுத்தொகை 1. 1,000 இடங்களில் சமமாகப் பரவியிருந்தால் 0.001.

திசையுள்ள அமைப்பில் எந்த வெக்டரைக் கொண்டு அளப்பது என்பதைச் சொல்லாமல் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. குறிகை எங்கே போய்ச் சேரும் என்பதை வலப்பக்க வெக்டர் சொல்கிறது. எங்கே தூண்டினால் விளைவு அதிகம் என்பதை இடப்பக்க வெக்டர் சொல்கிறது. தோல் விளைவில் வலப்பக்க வெக்டர்கள் ஒரு முனையிலும் இடப்பக்க வெக்டர்கள் எதிர்முனையிலும் குவிகின்றன. இரண்டின் பெருக்கற்பலனோ சங்கிலி முழுவதும் பரவியிருக்கிறது. ஒழுங்கின்மையால் முடங்கிய அலையில் இந்தப் பெருக்கற்பலனும் ஓரிடத்தில் அடங்கியே இருக்கும். திசையால் வந்த குவியலையும் ஒழுங்கின்மையால் வந்த முடக்கத்தையும் பிரித்தறிய இதுவே நம்பகமான சோதனை.

சோதனைகளும் அளவீட்டுக் கோட்பாடும்

2020இல் தோல் விளைவு பல வகை அமைப்புகளில் கண்ணுக்குப் புலனாயிற்று. ஜெர்மனியின் ஊர்ட்ஸ்பர்க்கில் மின்சுற்றுகளிலும், ஆம்ஸ்டர்டாமில் இயந்திரக் கட்டமைப்பிலும், ரோஸ்டாக்கில் ஒளியிழை வளையங்களில் ஓடும் ஒளித் துடிப்புகளிலும் அது அளக்கப்பட்டது. ரோஸ்டாக் அமைப்பில் எந்த இடத்தில் ஒளியைச் செலுத்தினாலும் அது ஒரே எல்லைக்கு வந்து சேர்ந்தது.

அதே நகரத்தின் குழு 2021இல் வெளியிட்ட முடிவு முடக்கத்தைப் பற்றிய பழைய நம்பிக்கையொன்றை அசைத்தது. ஹெர்மிட்டியன் அமைப்பில் எல்லா ஐகன் வெக்டர்களும் முடங்கியிருந்தால் அலை பரவாது. இடத்துக்கு இடம் தாறுமாறான இழப்பு மட்டும் உள்ள அமைப்பிலும் ஐகன் வெக்டர்கள் எல்லாம் முடங்கியவையே. ஆனால் அலை நகர்கிறது. தொலைவில் உள்ள ஒரு முடங்கிய நிலைக்கு அலையின் மிகச் சிறிய பங்கு எட்டியிருக்கும். அந்த நிலையின் இழப்பு குறைவானால், மற்றவை தேய்ந்து மறைந்தபின் அதுவே மேலோங்கும். அலை படிப்படியாக நகராமல் திடீர்த் தாவல்களாக இடம் மாறுகிறது.

கோட்பாட்டிலும் அடித்தளம் அகன்றுள்ளது. நால்வரின் 1979 கோட்பாடு மின்கடத்தல் என்ற ஒற்றை அளவை நம்பியது. கோஹெய் கவபாட்டா, ஷின்சே ரியு இருவரும் 2021இல் காட்டியபடி, ஹெர்மிட்டியன் அல்லாத அமைப்புகளுக்கு ஒரே அளவு போதாது, இரண்டு வேண்டும். ஒரு பரிமாணத்தில் ஒரு திசையில் மட்டும் விடுதலை கிடைக்கும் நிலை அதனால்தான் இயல்கிறது. சமச்சீர் வகைகளும் கூடுகின்றன: ஹெர்மிட்டியன் அமைப்புகளுக்கு 10, மற்றவற்றுக்கு 38.

திசையைப் பற்றிய இந்த முடிவுகளை ஒரு விதிக்குள் அடக்கலாம். ஹெர்மிட்டியன் உலகில் அலையின் விதியை ஒழுங்கின்மையின் அளவும் பரிமாணமும் எழுதுகின்றன. திசையுள்ள வலையமைப்பில் அவற்றோடு மூடிய சுற்றுகளின் மொத்தப் பெருக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுற்றின் பெருக்கம் ஒழுங்கின்மையின் தேய்வை வென்ற இடத்தில் மட்டுமே அலை விடுபடுகிறது. ஆகவே இத்தகைய அமைப்பை ஆராய்பவர் ஐகன் மதிப்புகளை மட்டும் பட்டியலிட்டு நிறுத்தலாகாது. சுற்றுகள் எங்கே மூடுகின்றன, இரு பக்க வெக்டர்களும் எங்கே குவிகின்றன என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.